நடுவில் நின்ற தாமிரம் நான்தான்

செம்பனைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை போனேன்; அதற்குமேல் என்னை வைத்துச் சமாளிக்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெம்பு இல்லை. அப்படிப்பட்டவன் யார் தயவும் இல்லாமல் என்னென்ன கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு கல்வீடு. அதன் பின்னால் பந்தல் சாமான் அடுக்க ஒரு கொட்டகை. காற்று அந்தக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துச் செம்பனைக் காட்டில் வைத்த பிறகு, அதே இடத்தில் இன்னொரு கொட்டகை. அசாம் ஜாவாவில் முழங்கால் சேற்றில் ஒரு கல்யாணப் பந்தல். மாப்பிள்ளை சறுக்கி விழுந்தார், பந்தல் விழவில்லை. பாகான் நக்கோடா ஓமாரில் கடல் காற்றுக்கு முகம் கொடுத்து ஒரு பந்தல். அது கொஞ்சம் நகர்ந்தது உண்மை, ஆனால் நின்ற வாக்கிலேயே நகர்ந்தது. எங்கள் கோயில் மண்டபத்துச் சமையற்கட்டு, மழைநீர் போக அதற்கொரு வாய்க்கால். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மண்டபத்து மேடையில், உயிரோடு மூச்சு விடுகிற ஒரு தாமிர அயனி.

கடைசியில் சொன்னது என்ன சாமான் என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. எனக்கும் முதலில் தெரியாது. இப்போது தெரியும். அணைவு அயனி என்றால் என்ன என்று இந்த வட்டாரத்தில் என்னைக் கேட்டால் நின்ற இடத்தில் சொல்வேன், ஏனென்றால் அதற்குள்ளேயே நின்றவன் நான். படித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த யோகம் வாய்த்திருக்கிறது?

விஷயம் என் மருமகளிடமிருந்து தொடங்கியது. இடைநிலைப்பள்ளியில் ஆறாம் படிவத்துக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். தோட்டத்துப் பிள்ளைகள் மற்ற பாடத்தையெல்லாம் எப்படியோ முட்டி மோதித் தாண்டிவிடுகிறார்கள், உலோக அணைவுகள் வருகிற இடத்தில் மட்டும் படுத்துவிடுகிறார்கள் என்பது அவளுடைய கவலை. டியூஷன் வேண்டுமென்றால் ராவாங் போக வேண்டும். அதற்கு வண்டி வேண்டும். வண்டி உள்ள வீட்டுப் பிள்ளை போகும், மற்றது வீட்டில் உட்கார்ந்து போனை நோண்டும். ஆகவே சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் இலவசமாக வகுப்பு நடத்துகிறேன் என்று அவள் கோயில் நிர்வாகத்திடம் கேட்டாள்.

மண்டபத்துக்குச் சனிக்கிழமை ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருந்தார். எங்கள் கோயில் தலைவர். நல்ல மனிதர், நெற்றி நிறைய விபூதி, வீட்டில் இரண்டு ஒலிபெருக்கி. சனிக்கிழமை காலையில் கராவோக்கே பெட்டியோடு வருவார், சாயங்காலம்வரை பாடுவார். கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அவர் சொன்ன பதில் இது:

"நான் ஒன்னும் படிப்புக்கு எதிரி இல்லம்மா. ஆனா இந்தக் கெமிஸ்ட்ரி என்னா ஏதுன்னு முதல்ல சனங்களுக்கு ஒரு நாள் காட்டு. புரிஞ்சிச்சின்னா மண்டபத்த எடுத்துக்க. புரியலன்னா என் சனிக்கிழமைய அப்புறம் யாரும் தொடக்கூடாது."

மருமகள் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தேத்தண்ணீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். என் மனைவி அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"அப்படி என்னம்மா பெரிய பாடம் அது?" என்றேன்.

"நடுவுல ஒரு உலோக அயனி மாமா. சுத்தி ஆறு பேரு. அவ்வளவுதான்."

"ஆறு பேரும் என்னா பண்றாங்க?"

"நடுவுல இருக்கிறவர புடிச்சிக்கிறாங்க."

"போலீஸ்காரங்களா?"

"தண்ணி மாமா. தண்ணி மூலக்கூறு. துருசு பார்த்திருக்கீங்கல்ல, காப்பர் சல்ஃபேட்? அதத் தண்ணியில கரைச்சா இளநீலமா இருக்கும். அந்த நீலம் காப்பரோடது மட்டும் இல்ல. ஆறு தண்ணி மூலக்கூறு அதச் சுத்திப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதாலதான் அந்தக் கலர். இப்ப அதுல அம்மோனியா ஊத்தினா, தண்ணியில நாலு பேர எழுப்பி விட்டுட்டு அந்த எடத்துல அம்மோனியா உக்காந்துக்கும். உடனே கருநீலமா மாறிரும்."

"நடுவுல இருக்கிறவன் மாறலியே?"

"மாறல. அதே காப்பர்தான்."

"பக்கத்துல உக்கார்றவன் மாறினா இவன் கலர் மாறுமா?"

"அதேதான் மாமா! அதத்தான் பிள்ளைங்களுக்குப் புரியவைக்க முடியல!"

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. நிர்வாகக் குழுவில் பக்கத்து நாற்காலிக்காரர் மாறும்போதெல்லாம் தலைவரின் முகம் நிறம் மாறுவதை நான் எத்தனை கூட்டத்தில் பார்த்திருக்கிறேன்! இதற்கா பிள்ளைகள் படுத்துவிடுகிறார்கள்?

பந்தும் குச்சியும் வைத்து ஒரு சின்ன மாதிரி செய்து காட்டலாம் என்று அவள் நினைத்திருந்தாள். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

"பந்தையும் குச்சியையும் கடைசி வரிசைல இருக்கிறவன் எப்படிம்மா பார்ப்பான்? ஆள வச்சி காட்டுவோம். மேடைல சட்டம் நான் அடிக்கிறேன். நடுவுல நான் நிக்கிறேன்."

"அதானே பார்த்தேன்," என்றாள் என் மனைவி, வெங்காயத்தைப் பார்த்தபடியே.

மறுநாளே கொட்டகையில் வேலையை ஆரம்பித்தேன். மருமகள் ஒரு தாளில் வரைந்து காட்டினாள். நடுவில் இருப்பவரைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு பேர், தலைக்கு மேலே ஒருவர், காலுக்குக் கீழே ஒருவர். இதற்கு எண்முகம் என்று பெயராம். ஆறு பேர் நிற்கிற இடத்தில் எட்டு முகம் எங்கிருந்து வந்தது என்று நான் விடவில்லை. அவள் விளக்கினாள், எனக்கு ஏறவில்லை. சரி என்று பந்தல் குழாய்களை எடுத்து ஆறு முனை வருகிற மாதிரி கட்டி, முனைக்கு முனை கயிறு இழுத்தேன். பிறகு பந்தல்காரன் புத்தி தானாக ஒரு கேள்வி கேட்டது: இதைத் துணியால் மூட எத்தனை துண்டு வேண்டும்? மேல்பக்கம் நான்கு முக்கோணம், கீழ்ப்பக்கம் நான்கு முக்கோணம். எட்டு!

"மாமா, சூப்பர்!" என்று மருமகள் கைதட்டினாள். என் வாழ்க்கையில் கணக்குக்காக எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

மேலே நிற்க என் பந்தல் கூட்டாளி ஒத்துக்கொண்டார். ஏணி மேல் உட்கார்ந்து தூண்டில் கோலைத் தொங்கவிடுவது அவருக்குப் பிடித்த வேலைதான், ஏணிதான் புதிது. கீழே என் தம்பி. அவனுக்கு முட்டி வலி. படுத்துக்கொண்டே நடிக்கிற பாத்திரம் என்றதும், "தலையணை உண்டா?" என்று மட்டும் கேட்டான்.

சுற்றி உட்காரும் நான்கு தண்ணீருக்குத் தகுதியான ஆட்களாகப் பார்த்தேன். ஒருவர் கோயில் தலைவர். மண்டபத்தைத் தரவேண்டியவரை மேடையில் ஏற்றி வைப்பதுதானே முறை. இரண்டாமவர் என் சம்பந்தி, மருமகளின் அப்பா, தஞ்சோங் காராங் பக்கம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், வெயிலிலும் நீளக் கைச்சட்டை போடுகிறவர். மற்ற இருவர் கோயில் பொருளாளரும், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய ஒரு பழைய மண்டோரும். அம்மோனியாவாக வர, பள்ளிக்கூடக் கேன்டின் நடத்துகிற அக்கா தன்னோடு மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டார். நால்வருக்கும் ஒரே கருநீலச் சேலை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சுற்றி உட்காரும் நால்வரும் நடுவில் எழுந்து பெண்களுக்கு இடம் விடவேண்டும் என்பது மருமகள் எழுதிய கதை. அதை நான் அவர்களிடம் சொல்லியிருப்பேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. "மேடையில் நாற்காலி, கையில் ஒரு கோல்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எழுந்து போகவேண்டிய பாத்திரம் என்று சொல்லிக் கூப்பிட்டால் நம் ஊரில் எந்தப் பெரிய மனிதர் வருவார்? ஒத்திகைக்கும் அவர்கள் வரவில்லை. நான்கு காலி நாற்காலிகளைத் தண்ணீராக நினைத்துக்கொண்டோம். நாற்காலிகள் சொன்னபடி கேட்டன.

ஒத்திகையில்தான் எனக்கு ஓர் அதிர்ச்சி. ஒவ்வொரு தண்ணீர் நாற்காலியிலும் ஒரு பந்தல் குழாய். அதன் நுனியில் இரண்டு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. உட்காருகிறவர் குழாயை நீட்டி எலுமிச்சம்பழம் என் மேல் படுகிற மாதிரி பிடிக்கவேண்டும்.

"இந்த எலுமிச்சம்பழம் எதுக்கும்மா?"

"அதுதான் எலக்ட்ரான் சோடி மாமா. அவங்க உங்களுக்குக் கொடுக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா நடுவுல நிக்கிது. அதுதான் பிணைப்பு."

"அவங்க எனக்கா? நான்ல அவங்களுக்குக் கொடுக்கணும்?"

"இல்ல மாமா. நடுவுல இருக்கிற உலோகம் ரெண்டு எலக்ட்ரான இழந்துட்டு வெறுங்கையோட நிக்கிது. சுத்தி இருக்கிறவங்கதான் கொடுக்கிறவங்க. அவங்களுக்குப் பேரே ஈனி. காப்பர் வாங்கிக்கிறவரு."

நான் சட்டத்தை விட்டு வெளியே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆறு பேருகிட்டயும் நானா வாங்கறேன்? ஊரு முன்னாடி? நான் யாருகிட்டயும் கைநீட்டி வாங்கினவன் இல்லம்மா. வேற உலோகம் இருந்தா சொல்லு."

"எல்லா உலோகமும் அப்படித்தான் மாமா. ரத்தத்துல இருக்கிற இரும்பு, இலைக்குப் பச்சை கொடுக்கிற மெக்னீசியம், எல்லாமே சுத்தி நாலு பேரு கொடுக்கிறதாலதான் நிக்கிது."

"தங்கம்?"

"தங்கமும்தான்."

ஏணியின் மேலிருந்து கூட்டாளி, "வாங்கிக்கய்யா, எலுமிச்சம்பழம்தான லா! ஊறுகாய் போடலாம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பார், கொடுக்கிற தூண்டில் அவர் கையில் இருந்தது.

மருமகளின் முகத்தைப் பார்த்தேன். மண்டபம் கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை. சரி, வாங்குகிறேன் என்று மறுபடி நடுவில் போய் நின்றேன். ஆனால் வாங்கினால் வாங்கினதுக்கு மரியாதை செய்யவேண்டும், அதுதான் முறை. வெறுமனே வாங்கிக்கொண்டு நிற்க நான் என்ன தாமிரமா? யாரிடமும் சொல்லாமல் பூக்கடையில் நான்கு ரோஜா மாலைக்குச் சொல்லி வைத்தேன்.

நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை காலை. மண்டபம் நிறைந்துவிட்டது. வேதியியல் பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் பேர்; நிகழ்ச்சி முடிந்ததும் சாப்பாடு உண்டு என்று நான் சொல்லி வைத்ததால் வந்தவர்கள் மற்றவர்கள். சமையற்கட்டில் என் மனைவி சாம்பாரும் பாயசமுமாக இறங்கியிருந்தாள். மேடையின் ஓரத்தில் ஒரு மேசை. அதன் மேல் பெரிய கண்ணாடி ஜாடியில் இளநீலத் தண்ணீர். மருமகள் ஒலிவாங்கியைப் பிடித்து அழகாகப் பேசினாள். ஜாடிக்குள் நடப்பதைத்தான் மேடையில் ஆட்களை வைத்துக் காட்டப்போகிறோம், ஜாடியையும் பாருங்கள், மேடையையும் பாருங்கள் என்றாள்.

நான் வெள்ளை வேட்டியில், எட்டு முக்கோணத்துக்கு நடுவில், மார்பை நிமிர்த்தி நின்றேன். மேலிருந்து தூண்டில் இறங்கி இரண்டு எலுமிச்சம்பழம் என் உச்சந்தலையில் உட்கார்ந்தன. கீழிருந்து தம்பி ஒரு குச்சியால் என் பாதத்தைத் தொட்டான். பிறகு நான்கு தண்ணீரும் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். ஒவ்வொருவரும் எலுமிச்சம்பழத்தை என் மேல் வைத்ததும், நான் பின்னால் மறைத்து வைத்திருந்த மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டேன். கைதட்டல் காதைக் கிழித்தது. தலைவர் கண் கலங்கினார். சம்பந்தி சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு இரண்டு பக்கமும் கும்பிட்டார்.

கைதட்டாதவள் ஒருத்திதான். மருமகள் என்னையே பார்த்தாள். அவள் வாய் "மாமா" என்று அசைந்தது, சத்தம் வரவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேடையில் ஒருவருக்கு மாலை போட்டு நாற்காலியில் உட்கார்த்திவிட்டால், நிகழ்ச்சி முடிகிறவரை அவரை எழுப்பக்கூடாது. மழை ஒழுகினால் குடைதான் பிடிக்கவேண்டும். மாலை போட்டவனே வந்து "கொஞ்சம் எழுந்திருங்க, இன்னொருத்தர் உக்காரணும்" என்று சொன்னால், அது ஏழு தலைமுறைக்குப் பகை.

ஆனால் ஜாடி காத்திருக்கவில்லை. மருமகள் அம்மோனியாப் புட்டியைத் திறந்தாள். முன்வரிசை முழுக்க மூக்கைப் பொத்தியது.

"ஐயையோ, என்னா நாத்தம்!" என்றது ஒரு குரல்.

அந்த நேரம் பார்த்து அம்மோனியாப் பெண்கள் மேடையேறினார்கள். கேன்டின் அக்கா நின்று திரும்பினார். "யாருடா அது? நாங்க குளிச்சிட்டுத்தான் வந்திருக்கோம்!"

மருமகள் முதல் சொட்டுகளை ஊற்றினாள். ஜாடி பால் கலந்த மாதிரி கலங்கியது. "முதல்ல இப்படிக் கலங்கும். இன்னும் ஊத்தினா தெளிஞ்சி கருநீலமாகும்," என்றாள். கேன்டின் அக்கா சம்பந்தியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்ப் பணிவாக நின்றார்.

"ஐயா, கொஞ்சம் எழுந்திரிச்சிக்கிறீங்களா? நான் உக்காரணும்."

சம்பந்தி மாலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "நீ ஏன்மா உக்காரணும்?"

"நான் அம்மோனியா."

"இருந்துட்டுப் போ. நான் எதுக்கு எழுந்திரிக்கணும்?"

மருமகள் ஒலிவாங்கியோடு ஓடிவந்தாள். "அப்பா, அது பாடத்துல அப்படிப்பா. அம்மோனியா தண்ணியவிட கெட்டியா புடிச்சிக்கும். அதுல இருக்கிற நைட்ரஜன் தன்னோட எலக்ட்ரான் சோடிய தாராளமா கொடுக்கும். தண்ணியில இருக்கிற ஆக்சிஜன் கொஞ்சம் கஞ்சம்."

ஒலிவாங்கி திறந்தே இருந்தது. கஞ்சம் என்ற சொல் மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது.

"யாரு கஞ்சம்?" என்றார் சம்பந்தி. "பெத்த அப்பன ஊரு முன்னாடி மாலை போட்டு உக்கார வச்சி, கஞ்சம்ங்கிறியா?"

"உங்கள இல்லப்பா, ஆக்சிஜன!"

"கெட்டியா புடிக்கலன்னுதான எழுப்புறீங்க?" என்று தலைவர் எதிர்ப்பக்கத்திலிருந்து எகிறினார். "நானா கெட்டியா புடிக்கல? இப்பப் பாரு!" என்று குழாயை இரண்டு கையாலும் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். அவருடைய எலுமிச்சம்பழம் இரண்டும் என் விலாவில் புதைந்தன. அவர் அழுத்துவதைப் பார்த்து மண்டோரும் அழுத்தினார். மண்டோரைப் பார்த்துப் பொருளாளரும், அவரைப் பார்த்துச் சம்பந்தியும். நான்கு திசையிலிருந்தும் நசுங்கி, சாறு வடிய நின்றேன். வேதியியலில் இதை வலுவான பிணைப்பு என்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்குள் ஜாடி தெளிந்துவிட்டது. அப்படியொரு கருநீலம் நான் பட்டுச் சேலையில்கூடப் பார்த்ததில்லை. கூட்டம் "ஆ!" என்றது. அடுத்த நொடி மேடையைப் பார்த்தது. மேடையில் நான்கு ரோஜா மாலைகள் நகராமல் உட்கார்ந்திருந்தன, நான்கு நீலச் சேலைகள் நின்றுகொண்டிருந்தன.

"ஜாடி முந்திக்கிச்சி லா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "மேடைல இன்னும் மாறல!"

தலைவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தீங்களா? யாருக்கும் ஒன்னும் புரியல. நான் அப்பவே சொன்னேன்." அந்தச் சிரிப்பில் சனிக்கிழமை முழுதும் எனக்குக் கேட்டது, முதல் பல்லவியிலிருந்து.

மருமகள் அசரவில்லை, அதை ஒத்துக்கொள்ளவேண்டும். "இதுதாங்க அந்தக் கலங்கின நிலை," என்றாள் கூட்டத்திடம். "கொஞ்சம் பொறுங்க, தெளியும்." ஆனால் எப்படித் தெளியும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் கட்டியிருந்தது, அது அம்மோனியாவினால் மட்டும் இல்லை.

நான் கழுத்தை அசைக்க முடியாமல், கண்ணை மட்டும் சமையற்கட்டுப் பக்கம் திருப்பி என் மனைவிக்குச் சைகை காட்டினேன். அவள் வாசலில் கரண்டியோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றேன், சைகை எதுவும் காட்டவில்லை என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். கண்ணை மூடித் திறப்பதற்குப் பெயர்தான் சைகை.

அவள் கரண்டியை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நேரே மேடைக்கு வந்தாள். நாற்காலிக்கு நாற்காலி நின்று கும்பிட்டாள்.

"அண்ணே, இலை போட்டாச்சி. பெரியவங்க நீங்க முதல் பந்தில உக்காந்தாத்தான் மத்தவங்களுக்குப் போட முடியும். வாங்க."

மாலை போட்டவரை எழுப்ப எங்களிடம் உள்ள ஒரே வழி அதுதான். எழுந்து போ என்றால் அவமானம். முதல் பந்திக்கு வா என்றால் அது மாலைக்கு மேல் மாலை. சம்பந்தி மெதுவாக எழுந்தார், குழாயைக் கேன்டின் அக்காவின் கையில் கொடுத்தார், சாம்பார் வாசனை வந்த திசையில் மிதந்து போனார். அக்கா உட்கார்ந்தார். மண்டோர் எழுந்தார், இரண்டாவது நீலச் சேலை உட்கார்ந்தது. பொருளாளர் எழுந்தார், மூன்றாவது உட்கார்ந்தது. ஒவ்வொருவர் மாறும்போதும் கூட்டம் ஒரு சத்தம் போட்டது. மேடை கண் முன்னாலேயே நீலமாகிக்கொண்டு வந்தது.

தலைவர் மட்டும் அசையவில்லை. "எனக்குப் புரட்டாசிச் சனி விரதம். நான் சாப்பிடல. நான் இங்கயே உக்காந்திருக்கேன்," என்றார். குழாயை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

நான்காவது நீலச் சேலை அவர் பக்கத்தில் தவித்துக்கொண்டு நின்றது. கூட்டத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. இனி எல்லாம் அந்த ஒரு நாற்காலியில் இருந்தது. என் மனைவியால் முடியவில்லை, மருமகளால் முடியவில்லை. முடியக்கூடியவன் அந்த மேடையில் ஒருவன்தான் இருந்தான், அவன் விலாவில் எலுமிச்சம்பழம் இருந்தது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்: "சபையோரே! சாப்பாட்டுக்கு முன்னால நம்ம தலைவர் ஒரு பாட்டுப் பாடணும்னு நான் கேட்டுக்கிறேன்!"

எனக்கு அவர் பாட்டின் மேல் என்ன அபிப்பிராயம் என்பது ஊருக்கே தெரியும். அவர் பாட ஆரம்பித்தால் நான் மோட்டார் சைக்கிளை முடுக்கிக் கிளம்புகிறவன். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெசமாவா சொல்றே?"

"நெசமாத்தான் தலைவரே. ரெண்டு பாட்டுகூடப் பாடுங்க."

குழாய் என் விலாவை விட்டு விலகியது. அவர் எழுந்து, மாலையைச் சரிசெய்து, மருமகளின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு மேடையின் மறு ஓரத்துக்குப் போனார். நாற்காலி காலியான அந்த நொடியில் நான்காவது நீலச் சேலை உட்கார்ந்தது. சுற்றிலும் கருநீலம். மேலே தூண்டில், கீழே குச்சி. குச்சி கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஏனென்றால் கீழே இருந்த தண்ணீர் தூங்கிவிட்டிருந்தது. மேசையில் கருநீல ஜாடி. இரண்டும் ஒரே நிறம். முன்வரிசையில் ஒரு கிழவி எழுந்து நின்று, "அடடே, ஆளு மாறினா கலர் மாறுதுடி!" என்று பக்கத்தில் இருந்தவளின் தொடையில் அடித்துச் சொன்னாள். அவ்வளவுதான் அந்தப் பாடம். மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தலைவர் மூன்று பாட்டுப் பாடினார். நான் அசையாமல் நின்று கேட்டேன். அணைவு அயனி கலைந்து போகக்கூடாதே.

சாப்பாடு முடிந்ததும் கூட்டமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. புரிந்ததா என்று தலைவர் கேட்க, புரிந்தது என்று பாயசக் குவளையோடு எல்லோரும் கத்தினார்கள். பாடச் சொல்லி ஊர் முன்னால் நானே கேட்ட பிறகு அவருக்கும் மனம் இளகிவிட்டது. காலையில் வகுப்பு, சாயங்காலம் கராவோக்கே என்று முடிவானது. இப்போது சனிக்கிழமை காலையில் மண்டபம் நிறையப் பிள்ளைகள். தோட்டத்திலிருந்து மோட்டாரில் மூன்று மூன்று பேராக வந்து இறங்குகிறார்கள். சாயங்காலம் வந்ததும் ஒருத்தர்கூட நிற்பதில்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். மண்டப வாசலில் ஒரு பெரிய பதாகை கட்டியிருக்கிறார்கள். இலவச வேதியியல் வகுப்பு என்று தலைப்பு. அதன் கீழ், தலைவரின் அரிய முயற்சியால் என்று போட்டு, மாலையோடு அவர் படம். என் மாலை! அடுத்து மருமகள் பெயர், அது நியாயம். அடுத்து சமையல் பொறுப்பு என்று என் மனைவி பெயர். அம்மோனியாப் பெண்கள் நால்வர் பெயர். சம்பந்தி பெயர், பொருளாளர் பெயர், மண்டோர் பெயர். ஏணியில் உட்கார்ந்தவர் பெயர். படுத்துத் தூங்கின என் தம்பியின் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை.

மருமகளிடம் கேட்டேன். பதாகையை அடித்தது நிர்வாகம், தனக்குத் தெரியாது என்றாள். பிறகு என்னைச் சமாதானப்படுத்த வேறொன்று சொன்னாள்.

"மாமா, அணைவுக்குப் பேரு வைக்கிறப்ப சுத்தி இருக்கிற ஈனிங்க பேரத்தான் முதல்ல சொல்லுவாங்க. உலோகத்தோட பேரு கடைசிலதான் வரும். அதுதான் விதி."

"கடைசில வருமா, வராமலே போகுமா?"

"கண்டிப்பா வரும் மாமா. வராம பேரு முடியாது."

அது போதும் எனக்கு. கோயில் நிர்வாகத்தார் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். முதலில் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தலைவருக்குப் பக்கத்தில் போடுங்கள் என்றும் கேட்கவில்லை. விதிப்படி கடைசியிலேயே போடுங்கள், தம்பி பெயருக்கும் கீழே, சின்ன எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை. தாமிரம் என்று எழுதி, அதன் பக்கத்தில் என் பெயர். ஆணி, ஏணி, பெயின்ட் எல்லாம் என் கொட்டகையில் இருக்கிறது. நீங்கள் போடவில்லை என்றால் நானே வந்து எழுதிவிடுவேன். பிறகு எழுத்துக் கோணலாக இருக்கிறது என்று யாரும் என்னிடம் வந்து நிற்கக்கூடாது.